ஒற்றைச் செருப்போடு வந்தவர்

அன்று சாயங்காலம் என் கணவர் கடைக்குப் போய்விட்டு ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்குள் வந்தார். கையில் ரொட்டிப் பொட்டலம். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இன்னொரு சிலிப்பர் எங்கங்க?" என்று கேட்டேன்.

குனிந்து காலைப் பார்த்தார். "போட்டுக்கிட்டுத்தானே போனேன்" என்றார்.

நான் தேடிப் போனேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவழியில், கால்வாய் ஓரமாக, அந்த ரப்பர் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து எங்கள் வீடு வரைக்கும் சரளைக்கல் பாதை. வெயிலில் காய்ந்த கல் அப்போதும் சுட்டது. அந்தப் பாதை முழுவதும் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், அது அவருக்குத் தெரியவில்லை. "நல்லவேளை, வேட்டி கழண்டு விழல" என்று சொல்லி நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். நோயின் முதல் அடையாளத்தை நாங்கள் அப்படித்தான் வரவேற்றோம்.

இது எண்பதுகளின் நடுவில். நாங்கள் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் இருந்தோம். அவர் பெயர் சுப்பையா. சொந்தமாக ஒரு ஸ்கூல் பஸ் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் அவர் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளைத்தான் எங்கள் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்வோம்.

செருப்புக்கு முன்னாலேயே வேறு சங்கதிகள் இருந்தன. என் சாம்பாரை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளிப்பார். "காரம் குறைச்சுப் போடு" என்பார். அதே மிளகாய், அதே அளவு, அதே கை. குறை சொல்லவென்றே ஒரு வியாதி வந்திருக்கிறது என்று நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பிற்பாடு டாக்டர் பார்த்தபோது, அந்த நாக்கு மேலே இருக்கும் சொரசொரப்பெல்லாம் போய் மொழுக்கென்று சிவந்திருந்தது.

பிறகு மூச்சு வாங்கியது. முகம் வெளிறியது. வெளிறலுக்குள் லேசாக ஒரு மஞ்சள். கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். ஹீமோகுளோபின் (ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தந்து, உடம்பெங்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பொருள்) குறைவு என்றார்கள். சாப்பாடு என்ன என்று கேட்டார்கள். "சைவம்" என்றேன். சரி என்று எழுதிக்கொண்டு, இரும்புச்சத்தும் போலிக் ஆசிட்டும் (கீரை, பயறுகளில் உள்ள ஒரு வைட்டமின்) சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரையால் ரத்தம் ஏறியது. முகம் தெளிந்தது. மறுபடி சோதித்துவிட்டு நல்ல முன்னேற்றம் என்றார்கள். நான் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் கால் மட்டும் எங்கள் சந்தோஷத்தில் கலந்துகொள்ளவில்லை. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு எறும்பும் போய்விட்டது, பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். சில மாதம் கழித்து ஏறிய ரத்தமும் இறங்கத் தொடங்கியது.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்த பிரேக்கை மிதித்திருக்கிறார். மிதித்ததாக நினைத்திருக்கிறார். கால் பிரேக்கின் ஓரத்தில் இருந்து வழுக்கிவிட்டது. பஸ் மெதுவாக உருண்டு போய்ச் செம்பருத்தி வேலியில் முட்டி நின்றது. முன்னால் யாரும் இல்லை. பிள்ளைகள் ஏதோ வேடிக்கை என்று கைதட்டினார்களாம். கூட்டாளி ஒருவர் பஸ்ஸை ஓட்டிவர, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார். சாவியைக் கொண்டுபோய் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"கமலா, என் கால் எங்க இருக்குன்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது. இனிமே பிள்ளைங்கள ஏத்த மாட்டேன்."

அவர் அழவில்லை. நான் வேலை மிச்சம் இருப்பதுபோல் சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

மறுநாளே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அண்ணன் வீடு. நான் அங்கே தங்கிக்கொண்டு தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன்.

வார்டில் ஓர் இளம் டாக்டர் இசைக்கவையைத் (தட்டினால் அதிர்ந்து ஓசை தரும் இரும்புக் கவை) தட்டி அவர் கணுக்காலில் வைத்தார். "கேக்குது டாக்டர்" என்றார் இவர். "கேட்கிறதா என்று கேட்கவில்லை. அதிர்வது தெரிகிறதா?" தெரியவில்லை. பாதங்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். கண்ணை மூடிய மறுகணம் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். டாக்டர் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்ததும் சரியாக நின்றார். எத்தனை வருஷமாகத் தரையில் நிற்கிற மனிதர், அந்தத் தரையை அவர் கண்ணால்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவில் மூன்றும் குறைந்திருந்தன: சிவப்பணுக்கள், கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளணுக்கள், காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள். மூன்றும் சேர்ந்து குறைந்தால் ரத்தம் உற்பத்தியாகும் இடத்திலேயே கோளாறு இருக்கலாம், ரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம், பார்க்க வேண்டும் என்றார் இளம் டாக்டர். "பார்க்க வேண்டும்" என்றுதான் அவர் சொன்னார். என் காதில் விழுந்தது நடுவில் இருந்த அந்த ஒரு சொல் மட்டுமே.

தாழ்வாரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். பயந்தேன். எனக்கு இருக்கிறது அவர் ஒருவர்தான், அவரும் போய்விட்டால் கிள்ளான் வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு திரும்பிப் போவேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்து எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை (இடுப்பெலும்புக்குள் ஊசி செலுத்தி, ரத்தம் உருவாகும் குழம்பைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது). மரத்துப்போக மருந்து போட்ட பிறகும் உறிஞ்சுகிற அந்த நொடி வலித்திருக்கிறது. முடிந்து உள்ளே போனேன். "ஒன்னும் இல்லலா. மாட்டு ஆஸ்பத்திரில இருந்து கடன் வாங்குன ஊசி" என்றார். வலி தெரிகிற இடம் ஒன்று அவர் உடம்பில் மிச்சம் இருக்கிறதே என்று எனக்குக் கிறுக்குத்தனமாக ஓர் ஆறுதல்.

மஜ்ஜையின் முடிவு வருவதற்குள் ஒருவர் வந்தார். ரத்தநோய்ப் பிரிவின் டாக்டர் லிம். சீனப் பெண்மணி, நரைக்க ஆரம்பித்த தலை, விரல் நுனிகளில் ஊதாக் கறை. ஆய்வுக்கூடத்திலிருந்து வார்டுக்கு இறங்கி வந்திருந்தார். எங்கள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தமிழில் பேச ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காருங்கக்கா. எங்கப்பா செமினி பக்கம் ரப்பர் தோட்டத்துல மளிகைக் கடை வச்சிருந்தாரு. அங்க தமிழ்ப் பிள்ளைங்க கூடத்தான் வெளயாடுனேன்." பிறகு அவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்க ரத்தப் பூச்ச (ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது) நானே பாத்தேன். கேன்சர் மாதிரி எனக்குத் தெரியல. ஒரு சத்து கொறைஞ்சா இப்படி ஆவும். ஆனா அந்த சத்து கொறையணும்னா நீங்க பாலே தொடாத ஆளா இருக்கணும். சைவம்னு எழுதியிருக்கு. சைவ வீட்டுல தயிரு, மோரு இல்லாம இருக்காது. எங்க கடையிலயே டின் பால் அதிகமா வாங்குறது சைவ வீட்டுக்காரங்கதான். அதான் நேர்ல கேக்க வந்தேன்."

"பால் அவருக்கு ஒத்துக்காது டாக்டர். வயித்துல காத்து சேரும். எட்டு வருஷமா தே ஓதான்" என்றேன். தே ஓ என்றால் பால் கலக்காத தேத்தண்ணி. சைவம் என்று கேட்டவர்கள் எல்லாம் பாலும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் சொல்லவேண்டிய விஷயமாக நினைக்கவில்லை. நாம் என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்டால் சொல்வோம், எதைச் சாப்பிடுவதில்லை என்று யார் கேட்கிறார்கள்?

டாக்டர் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்துக்காமல்லாம் இல்ல டாக்டர்" என்றார் அவர், மெதுவாக. "விட்டுட்டேன்."

"ஏண்ணே?"

"இவளுக்கு ஆப்பரேஷன் நடந்தப்போ."

எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கருக்குழாயில் தங்கிய கரு (கருப்பைக்குள் போய்ச் சேராமல் வழியிலேயே வளர்ந்துவிடுவது) வெடித்துவிட்டது. அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதும் இல்லை.

"ரத்தம் போய்க்கிட்டே இருக்குன்னு நர்ஸ் மிஸிங்க வந்து வந்து சொன்னாங்க. காரிடார்ல நான் ஒண்டியா நின்னேன். முருகா, பிள்ளைய எடுத்துக்க, இவள குடுத்துடு, எனக்கு ரொம்பப் புடிச்சத உனக்காக விட்டுடறேன்னு சொன்னேன். எனக்கு ரொம்பப் புடிச்சது பாலுதான்."

உண்மைதான். அவர் வாலிபத்தில் காவடி எடுத்த வருஷமே கறி மீனை விட்டவர். அப்புறம் அவருக்கு இருந்த ஒரே ருசி பால். காய்ச்சிய பாலில் படியும் ஆடைக்காகச் சின்னப் பிள்ளை மாதிரி சமையல்கட்டில் வந்து நிற்பார். தைப்பூசத்துக்கு என் பால்குடத்தை இறக்கி, அபிஷேகம் முடிந்து பிரசாதப் பால் கைக்கு வந்தால், "நீ குடி" என்று என்னிடம் நீட்டிவிடுவார். பெண்டாட்டி மேல் இவ்வளவு பிரியமா என்று நான் அதில் குளிர்ந்து போயிருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். டாக்டர் இருப்பதுகூட மறந்துவிட்டது.

"வேண்டுதல வெளிய சொல்லக்கூடாது. சொன்னா நீ விடவும் மாட்ட."

"பால் புடிக்கும்னீங்க. என்னைப் புடிக்காதா?" அழுகையும் கோபமுமாக இதுதான் வாயில் வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒன்ன விட்டுடறேன்னு சொல்லியா ஒன்ன கேக்க முடியும்?"

டாக்டர் லிம் எழுந்துபோய்ச் சன்னல் பக்கம் சற்று நேரம் நின்றார்.

பி12 என்று ஒரு சத்து இருக்கிறது. ரத்த அணுக்கள் ஒழுங்காகப் பிறக்கவும், நரம்புகள் மேல் உள்ள உறை கெடாமல் இருக்கவும் அது வேண்டும். காய்கறியில் அது இல்லை. கறி, மீன், முட்டை, பால், தயிரில்தான் கிடைக்கும். உடம்பு சேர்த்து வைத்திருப்பது சில வருஷம் ஓடும், அதனால் பாலை விட்ட உடனே ஒன்றும் தெரியாது. போலிக் ஆசிட் மாத்திரை அவர் ரத்தத்தை மட்டும் கொஞ்ச காலம் தேற்றிக் காட்டியது. நரம்புக்கு அதனால் பயனில்லை. அது பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போயிருந்தது. டாக்டர் எனக்கு இதை இரண்டு முறை சொன்னார், நான் இரண்டு முறை கேட்டேன்.

மஜ்ஜையின் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. அந்தச் சத்து இல்லாததால் அணுக்கள் முதிராமல், ஊதிப்போய், பாதிக்கு மேல் வெளியே வராமலே அழிகின்றன. மஞ்சள் நிறம் அதனால்தான்.

டாக்டர் என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் நுண்ணோக்கியில் பார்க்க வைத்தார். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு வட்டம் வட்டமாக அவர் ரத்தம். "பக்கத்துல இருக்கிற நல்ல ரத்தத்தோட ஒப்பிட்டுப் பாருங்கக்கா." அவருடைய சிவப்பணுக்கள் பெரிதாக, முட்டை வடிவில் இருந்தன. நடுவே ஒரு வெள்ளணு. அதன் உட்கரு நல்ல ரத்தத்தில் மூன்று துண்டாக இருந்தது. இவருடையதில் ஆறோ ஏழோ துண்டு, மல்லிகைச் சரத்தை நெருக்கிக் கட்டின மாதிரி. "இதப் பாத்துத்தான் நான் கீழ எறங்கி வந்தேன்" என்றார். என் கணவரின் வேண்டுதல் அந்தக் கண்ணாடித் துண்டில் ஊதா நிறத்தில் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. டாக்டர் என்னை அவசரப்படுத்தவில்லை.

சிகிச்சை எளிது. பி12 ஊசி, முதலில் அடிக்கடி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. பாலும் சேர்த்துக்கொண்டால் நல்லது என்றார் டாக்டர்.

"பால் வேணாம் டாக்டர். ஊசி எதுல செய்றாங்க?"

"கிருமிய வளத்து, அதுலேர்ந்து எடுக்குறாங்க. பசுவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லண்ணே."

"அப்ப போடுங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்காக விட்டதை எனக்காக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினேன். சாமியிடம் சொன்ன வார்த்தை, நீ நடமாடுகிற வரைக்கும் அது நிற்கும் என்றார். டாக்டர் லிம்தான் எங்களுக்குள் தீர்ப்பு சொன்னார். "அக்கா, ஊசி ஒழுங்கா போட்டா பால் இல்லாமலும் அண்ணனுக்கு ஒன்னும் ஆவாது. அவரு நம்பிக்கையில நான் ஊசி போட வரல. நீங்களும் போடாதீங்க."

வாரம் தீர்வதற்குள் டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஓடாத குறையாக வந்தார். இளம் சிவப்பணுக்கள் (மஜ்ஜை புதிதாகச் செய்து அனுப்பும் அணுக்கள்) நிறைய வந்துவிட்டன, நோய் இன்னதுதான் என்பதற்கு இதுவே சாட்சி என்றார். என் கணவருக்குப் பசி எடுத்தது. நாக்கு ஆறியது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நான் கொண்டுபோன ரசத்தைக் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குறை சொன்னது எனக்கு இனித்தது.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரத்தம் சீக்கிரம் தேறும், நரம்பு அவசரப்படாது. வீட்டுக்கு வந்த பிறகு பல வாரம் அவர் பாதம் முன்னைவிட எரிந்தது. ஊசி ஏறவில்லையோ என்று நான் கலங்கினேன். உறங்கின நரம்பு விழிக்கிறபோது அப்படியும் இருக்கும் என்றார் டாக்டர். சிலருக்கு முழுதும் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, எத்தனை சீக்கிரம் கண்டுபிடித்தோம் என்பதைப் பொறுத்தது என்றும் ஒளிக்காமல் சொன்னார். ஆகவே உங்கள் டாக்டரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதோடு எதை விட்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். விரதமா, வேண்டுதலா, அதையும் சொல்லுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த முதல் காலையில் எனக்குப் பால் தேத்தண்ணி கலக்கினேன். உதட்டருகே கொண்டுபோனேன், குடிக்க மனம் வரவில்லை. தொட்டியில் கொட்டப் போனபோது கையைப் பிடித்தார்.

"குடி. நீ குடிக்கிறத பாக்கத்தானே விட்டேன்."

எதிரே உட்கார்ந்து நான் கடைசி மடக்கு வரைக்கும் குடிப்பதைப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் இப்படித்தான். அவர் முன்னால் தே ஓ, என் முன்னால் பால் தேத்தண்ணி. நான் ஆடையை எடுத்துப் போடுவதில்லை, மெதுவாகச் சாப்பிடுகிறேன்.

எங்கள் காலண்டர் மாறிவிட்டது. தீபாவளிக்கு முந்தின ஊசி, தைப்பூசத்துக்குப் பிந்தின ஊசி என்றுதான் நாள் கணக்குச் சொல்வோம். ஊசி போட வேண்டிய வாரம் வந்தால் அவர் கொஞ்சம் சோர்ந்திருப்பார். உடம்பு நினைவூட்டுகிறதா, மனம் நினைவூட்டுகிறதா, எனக்குத் தெரியாது. கால்களின் இரண்டு சுண்டு விரல்களிலும் உணர்ச்சி இன்னும் வரவில்லை. இனி வராது என்று நாங்கள் ஒத்துக்கொண்டுவிட்டோம். நான் நகம் வெட்டிவிடுகிறபோது அந்த இரண்டு விரலையும் கூடுதலாகக் கவனித்துப் பார்ப்பேன்.

பஸ்ஸை மறுபடி ஓட்டினாரா என்று கேட்பீர்கள். முட்டாமல் மோதாமல் நடக்க வந்த பிறகும், டாக்டர் சரி என்று சொன்ன பிறகும், அவர் வெகுநாள் சாவியைத் தொடவில்லை. "பிரேக்கு எங்க இருக்குன்னு டாக்டர் சொல்லி ஆவாது. என் கால் சொல்லணும்" என்பார். கூட்டாளி இன்னொரு சாவியைப் போட்டுப் பஸ்ஸை ஓட்டிப் போவதை வாசலில் நின்று பார்த்துக் கையசைப்பார். பிள்ளைகள் சன்னலில் தொங்கிக்கொண்டு, "பஸ் அங்கிள்!" என்று கத்துவார்கள். உள்ளே வந்து செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். சாயங்காலம் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனவர் வரத் தாமதமானது. எட்டிப் பார்க்கலாம் என்று நான் எழுந்தபோது உள்ளே வந்தார்.

"என்னாங்க இவ்ளோ நேரம்?"

"சிலிப்பர் கழண்டுடுச்சு. பின்னால போயி மாட்டிக்கிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே ரொட்டியை மேசையில் வைத்தார்.

நான் அடுப்பை அணைத்தேன். "என்னா சொன்னீங்க?"

"சிலிப்பர்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் காலைப் பார்த்தோம். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

அவர் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். சிமெண்டுத் தரையில் பாதங்களைச் சேர்த்து வைத்து நின்றார். கண்ணை மூடினார். நான் ஓடிப்போய் அவருக்கு இரண்டு பக்கமும் கைகளை நீட்டிக்கொண்டு நின்றேன், தொடாமல். இந்தப் பக்கம் சாய்வாரா அந்தப் பக்கமா என்று என் உடம்பு முழுவதும் காத்திருந்தது. அவர் லேசாக அசைந்தார். பிறகு நின்றார்.

"தரை ஜில்லுனு இருக்கு கமலா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "நேத்து தொடச்சியே, இன்னும் சோப்பு வழவழப்பு போவல. சாவிய எடுத்து வை. காலையில பிள்ளைங்கள ஏத்தணும்."

நான் கைகளை மெதுவாகக் கீழே இறக்கினேன்.